பதினாறு பெற்றாலும் பஸ் ஏறத்தான் போகிறார்கள்

2024 அக்டோபரில், சில நாள் இடைவெளியில், இரண்டு தென்னிந்திய முதல்வர்கள் நம்மைப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பல கிராமங்களில் வயசானவர்கள் மட்டும்தான் மிச்சம், இளைஞர்கள் வெளியே போய்விட்டார்கள் என்றார் ஆந்திராவின் சந்திரபாபு நாயுடு. அதற்கு அவர் யோசித்த மருந்து, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருப்பவர்கள்தான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்றொரு சட்டம். இரண்டுக்கு மேல் பெற்றால் நிற்கவே கூடாது என்று முப்பது வருஷம் தடுத்துவைத்திருந்த மாநிலம் அது. சென்னையில் ஒரு திருமண விழாவில் பேசிய மு.க. ஸ்டாலினுக்குக் கவலை வேறு. பதினாறு செல்வமும் பெறுக என்று வாழ்த்திய காலம் போய், நாடாளுமன்றத் தொகுதி குறையும் என்ற நிலையில் பதினாறு பிள்ளைகளையே பெற்றுக்கொண்டால் என்ன என்று ஜனங்கள் நினைக்கும்படி ஆகிவிட்டது என்றார். நாம் மீம்ஸ் போட்டோம், சிரித்தோம், மறந்தோம்.

சிரித்து முடித்த பிறகாவது ஒன்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எங்கே இருப்பார்கள்? ஊரிலா?

பதில் தெரிய ஆந்திராவுக்குப் போகவேண்டியதில்லை. நீலகிரிக்குப் போனால் போதும். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. அதே பத்து வருஷத்தில் தமிழ்நாடு மொத்தமாக 15.6 சதவீதம் வளர்ந்தது. மாநிலத்திலேயே ஆள் குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். நாம் சுற்றுலா போய் வர்க்கி வாங்கி வருகிற ஊரிலிருந்துதான் ஜனங்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏன் போனார்கள்? 1990களின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தது. ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு, இலையைப் பறிக்கும் கூலிக்கே கட்டுப்படி ஆகவில்லை. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் போட்டது. பிலிம் காலம் முடிந்து, கம்பெனியும் முடிந்தது. படித்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். படிக்காதவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் மலை இறங்கினார்கள். பெற்றவர்களுக்கு லைன் வீடு மிச்சம். ஓய்வு பெற்றால் அதையும் காலி செய்ய வேண்டும்.

இதில் ‘பிள்ளை போதவில்லை’ என்ற பிரச்சினை எங்கே இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கு ஊரில் பிழைப்பு இல்லை என்பதுதான் பிரச்சினை. இரண்டு பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறினார்கள். பதினாறு பெற்றால் பதினாறு பேர் ஏறுவார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தத் தேயிலை அப்படியே காட்டில் விடப்படவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அதைப் பறிக்கிறார்கள். அவர்களுக்கும் ஊர் உண்டு, அந்த ஊரிலும் ஒரு அம்மா தனியாக இருப்பார். நம் ஊரின் வெற்றிடத்தை இன்னொரு ஊரின் வெற்றிடத்தால் அடைத்துக்கொண்டிருக்கிறோம். ‘வடக்கன்’ என்று கேலி பேசுகிற வாய், துபாயில் இருக்கும் தன் அண்ணனையும் அங்கே யாரோ ஏதோ பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

அரசியல்வாதிகளை விடுங்கள். அவர்களைவிடப் பெரிய தொல்லை நம்முடைய ஒழுக்கப் பிரசங்கிகள். பேமிலி வாட்ஸப் குரூப்பில் தினம் காலையில் வரும் அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். மகன் அமெரிக்காவில். அம்மா ஊரில். போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. கடைசியில் மகன் வரும்போது வீட்டில் பூட்டு. கீழே கும்பிடும் எமோஜி, ‘படித்ததில் கண்கலங்கியது’. இந்தக் கதையைப் பட்டிமன்றத்தில் கேட்டாயிற்று, சினிமாவில் பார்த்தாயிற்று. வருத்தம் என்னவென்றால், நம்முடைய தீவிர இலக்கியமும் இதே கதையைக் கொஞ்சம் நல்ல மொழியில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. திண்ணை, ஈசிச்சேர், காத்திருக்கும் கிழவி, இடிந்த சுவர். எழுதியவர் பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவர். வாசிப்பவரும் ஊரை விட்டு வந்தவர். இருவரும் சேர்ந்து அழுது, ஆறுதலாகி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அந்தக் கிழவியைக் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார் என்று கதை சொல்லாது.

போனவன் மனசாட்சி இல்லாதவன் என்பதுதான் இந்தக் கதைகளின் அடியில் இருக்கும் தீர்ப்பு. ஆனால் அவனை அனுப்பிவைத்தது யார்? ‘நல்லாப் படி, இல்லன்னா இந்த ஊர்லயே கெடந்து சாகணும்’ என்பதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? நிலத்தை விற்று இஞ்சினியரிங் சேர்த்தது, நகையை அடகு வைத்து விசா எடுத்தது எல்லாம் பெற்றவர்கள்தான். எந்தப் பள்ளிக்கூடத்து பிளக்ஸ் பேனரிலாவது ‘எங்கள் மாணவர் ஊரிலேயே தங்கி நன்றாக வாழ்கிறார்’ என்று போட்டிருக்கிறார்களா? ஊரே சேர்ந்து நடத்திய ஏற்றுமதி இது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு சரக்கைத் திட்டுவது என்ன நியாயம்?

தவிர, ஊர் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. ‘மண்வாசனை’ என்று சொல்பவர் எந்தத் தெருவிலிருந்து சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். டீக்கடையில் தனி டம்ளரில் குடித்தவரின் மகள் சென்னைக்கு வந்து, யாரும் எந்தத் தெரு என்று கேட்காத ஒரு ஹாஸ்டல் அறையில் முதல் முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருப்பாள். அவளிடம் போய் ‘ஊரை விட்டுட்டீங்களே’ என்று கேட்க நமக்கு யோக்கியதை இல்லை. கிராமத்தைப் புனிதமாக்கக் கூடாது என்று அம்பேத்கர் 1948 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் சொல்லிவிட்டார். நகரத்திலும் சாதி இருக்கிறது, வாடகை வீடு தேடினால் தெரியும். ஆனாலும் பஸ் ஏறுவது பலருக்கு விடுதலை. அந்த விடுதலையின் விலையாக அவர்களுடைய அம்மா அப்பா தனியாகச் சாக வேண்டும் என்றால், அது ஒரு பிள்ளையின் குணக்கேட்டை விடப் பெரிய விஷயம்.

‘பிள்ளைகள் பார்த்துக்கணும்’ என்கிறோமே, அதன் உண்மையான அர்த்தம் என்ன? பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பிள்ளை இல்லை. மருமகள். அவள் இல்லாவிட்டால் கல்யாணம் ஆகாத மகள், அல்லது புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மகள். ‘எங்கம்மாவ கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லும் எத்தனை ஆண்கள் ஒரு தடவையாவது படுக்கை விரிப்பை மாற்றியிருப்பார்கள்? மூத்தோரைத் தாங்கிய பழைய கூட்டுக்குடும்பம் என்று நாம் ஏங்குவது, சம்பளம் கொடுக்கப்படாத ஒரு பெண்ணின் இருபது வருஷத்தை. அந்தப் பெண்ணின் மகள் படித்து வேலைக்குப் போனதும், ‘காலம் கெட்டுப்போச்சு’ என்கிறோம். காலம் கெடவில்லை. ஓசி உழைப்பு நின்றுபோனது.

இந்த ஒழுக்கப் பிரசங்கத்தை அரசும் அப்படியே சட்டமாக எழுதிவைத்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமை. தவறினால் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி, பெற்றவர்களைத் தெருவில் விடுபவனுக்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவுக்கு வாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும்படி ஒரு இல்லம் மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. ‘அமைக்கலாம்’. பிள்ளைக்குக் கடமை, சிறை. அரசுக்கு மட்டும் ‘லாம்’. ஒரு ஈற்றெழுத்தில் தப்பித்துக்கொண்டார்கள்.

பணத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அதே 200. அப்போது ஒரு டீ என்ன விலை, இப்போது என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2021இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18.2 ஆகும். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இது திடீரென்று வந்த வெள்ளம் இல்லை. ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு வயசு கூடும் என்பது எல்லா அரசுக்கும் முன்கூட்டியே தெரியும்.

பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்பது நமக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், வெளிநாட்டில் என்றால். கேரள அரசின் நோர்க்கா 2021இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டுச் செவிலியர்களை அனுப்புகிறது. இங்கேயும் நர்சிங் முடித்த பெண்கள் ஜெர்மன் படிக்கிறார்கள், ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். ஜெர்மனிக்காரப் பாட்டியின் காலைக் கழுவிவிட்டால் அது தொழில். அதற்குப் படிப்பு, லைசென்ஸ், யூரோவில் சம்பளம், விடுமுறை. நம் ஊர்ப் பாட்டியின் காலைக் கழுவினால் அது பாசம். பாசத்துக்கு எதற்குச் சம்பளம்?

ஜெர்மனியில் 1995லிருந்தும் ஜப்பானில் 2000லிருந்தும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது. ஜப்பானில் 40 வயதைத் தொட்டவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். முடியாமல் போகும்போது வீட்டுக்கே ஆள் வரும். மகன் டோக்கியோவில் இருக்கிறானா, அவன் நல்லவனா கெட்டவனா என்று அந்தத் திட்டம் கேட்பதில்லை. இதனால் ஜப்பானியக் கிராமங்கள் பிழைத்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. ஷிகோகு தீவில் நகோரோ என்றொரு ஊர். அங்கே திரும்பி வந்து குடியேறிய அயானோ சுகிமி என்ற பெண்மணி, போனவர்கள், செத்தவர்கள் இடத்தில் ஆள் உயரப் பொம்மைகளைச் செய்து வைத்தார். மூடப்பட்ட பள்ளிக்கூடத்தில் இன்று பொம்மைகள்தான் மாணவர்கள். காப்பீடு ஒரு ஊரைத் திரும்ப நிரப்பாது. ஊரில் மிச்சமிருப்பவர்கள் பொம்மை மாதிரிக் கிடக்காமல் மனுசராக வாழ்ந்து முடிக்க உதவும். நான் கேட்பது அவ்வளவுதான். சில ஊர்கள் சுருங்கத்தான் போகின்றன. சுருங்கும் ஊரில் இருக்கும் கடைசி நூறு பேருக்கும் முதல் ஆயிரம் பேருக்கு இருந்த உரிமை உண்டு.

‘ஜப்பானுக்குப் பணம் இருக்கு, நமக்கு?’ என்பீர்கள். பக்கத்திலிருக்கும் மலப்புறத்தைப் பாருங்கள். மகன்களை வளைகுடாவுக்கு அனுப்பிய மாவட்டம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவ முயற்சி, 2000 வாக்கில் மலப்புறத்தில் ஊர் ஊராகப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். சின்னச் சின்னத் தொகையாக வசூலித்தார்கள். நர்ஸ் வீடு வீடாகப் போனார். 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாக அறிவித்தது. உள்ளாட்சிகள் தம் பொறுப்பில் வீடு தேடிப் போகும் நர்ஸை வைத்தன. மகன் ரியாத்தில் இருந்தால் என்ன, புண்ணைக் கட்ட வாரம் ஒரு ஆள் வருகிறார்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்பதும் பொய். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. படுத்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்பு என்று அதில் இருக்கிறது. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. நல்ல விஷயத்தை நல்ல விஷயம் என்றே சொல்வோம். ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. மறுபடியும் அதே புத்தி. பெண் செய்தால் அது தொண்டு. மாத்திரை கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார்? அந்த இடத்தில் பஞ்சாயத்துக்கு இத்தனை பேர் என்று, முழுச் சம்பளத்தில், பி.எஃப். பிடித்து, பயிற்சி கொடுத்து ஆள் போட வேண்டும். உள்ளூர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உள்ளூரிலேயே கௌரவமான வேலை. அந்த வேலை இருந்தால், பஸ் ஏறத் தேவையில்லாத நாலு பேராவது ஊரில் இருப்பார்கள்.

காசு எங்கிருந்து வரும்? உங்கள் சம்பளச் சீட்டில் ‘தொழில் வரி’ என்று ஒரு வரி இருக்கும். சென்னையில் வேலை பார்த்தால் அரை வருஷத்துக்கு 1,250 ரூபாய் வரை பிடிப்பார்கள். அது நீங்கள் வேலை பார்க்கும் ஊரின் உள்ளாட்சிக்குப் போகிறது. உங்களைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்து, தடுப்பூசி போட்டு, பள்ளிக்கூடம் நடத்தி, சம்பாதிக்கும் வயசில் பொட்டலம் கட்டி அனுப்பிய ஊராட்சிக்கு அதில் ஒரு பைசா இல்லை. செலவு அங்கே, வரவு இங்கே. இதே கணக்கைப் பார்த்துத்தான் ஜப்பான் 2008இல் ‘சொந்த ஊர் வரி’ முறையைக் கொண்டுவந்தது. நகரத்தில் இருப்பவர் தன் வரியில் ஒரு பகுதியைத் தான் விரும்பும் ஊருக்குத் திருப்பிவிடலாம். அதிலும் கோளாறு உண்டு. ஊர்கள் போட்டி போட்டு இறைச்சி, நண்டு என்று பரிசு கொடுத்து ஆள் பிடித்தன. பரிசை விட்டுவிட்டு யோசனையை எடுத்துக்கொள்வோம். என் தொழில் வரியில் பாதி, நான் பிறந்த ஊராட்சிக்கு, முதியோர் பராமரிப்புக்கு மட்டும் என்று கேட்டால் அது என்ன பெரிய புரட்சியா? அது மட்டுமே போதாதுதான். மீதியை மாநில அரசும், பதினெட்டு வருஷமாக அந்த 200 ரூபாயில் கைவைக்காத ஒன்றிய அரசும் போட வேண்டும்.

‘எல்லாத்தையும் அரசே பாத்துக்கிட்டா பாசம் என்னாகும்?’ என்று ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். இப்போது பாசம் என்ன ஆகியிருக்கிறது என்பதை உங்கள் போனிலேயே கேளுங்கள். ‘சாப்டியாம்மா?’ ‘சாப்டேன்யா.’ ‘மாத்திரை?’ ‘போட்டேன்.’ ‘காலு வலி?’ ‘இருக்கு.’ ‘ஆஸ்பத்திரி போனியா?’ ‘யாரு கூட்டிட்டுப் போவா?’ அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். ‘சரிம்மா, வச்சிடறேன்.’ இது பேச்சா, விசாரணையா? மாத்திரையையும் கால் வலியையும் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தால், அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா உங்களிடம் பக்கத்து வீட்டு வம்பைச் சொல்வார். நீங்கள் ஆபீஸ் வம்பைச் சொல்வீர்கள். பாசம் பிழைக்க வேண்டுமென்றால் அதன் தலையில் ஏற்றிவைத்த சுமையை இறக்க வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் ஊரை விட்டு வந்தவர்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். குற்றவுணர்ச்சியோடு இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்த உணர்ச்சியால் ஒரு பாட்டிக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் கிடைத்ததில்லை. ஆனால் உங்களில் பலருடைய ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் இடம் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வருகிறீர்கள். வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. குடியரசு தினம் பொங்கலை ஒட்டி வருகிறது, நவம்பர் 1 தீபாவளியை ஒட்டி வருகிறது. லீவு போட்டு ஊருக்குப் போகும் ஒரு தடவையாவது அந்தப் பந்தலில் போய் உட்காருங்கள். எங்கள் ஊராட்சியில் இத்தனை முதியவர்கள் இருக்கிறார்கள், இத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள், இவர்களுக்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தலைவர் எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளை பெறச் சொல்லி அடுத்த முறை யாராவது மேடையில் வாழ்த்தினால், ‘பெத்துக்கறோம் தலைவரே, எங்கம்மாவ யாரு பாத்துக்கறது?’ என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் வரைக்கும் மைக்கைக் கொடுக்காதீர்கள்.